சாவடியில் பூட்டிக் கிடக்கும் ஆர்கன் தட்டுகள்

அனுப்புநர்:
அ. ரத்தினவேல்,
தகப்பனார் பெயர் அடைக்கலம்,
செங்கமேட்டுப்பட்டி கிராமம், அரிமளம் வழி,
திருமயம் தாலுகா.

பெறுநர்:
உயர்திரு தாசில்தார் அவர்கள்,
தாலுகா கச்சேரி, திருமயம்.

பொருள்: எனது கிராமபோன் பெட்டியும் குழாய் ஆர்கன் இசைத்தட்டுகளும் கிராமச் சாவடியில் பூட்டி வைக்கப்பட்டிருப்பது – வெயிலில் வளைந்து கெடுவதற்கு முன் திருப்பித் தர உத்தரவு வேண்டுவது – குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் மேற்படி கிராமத்தில் சொந்த நிலத்தில் பயிர் செய்து பிழைப்பவன். அதற்கு முன் ராணுவத்தில் பாலம் கட்டும் பிரிவில் இருந்து, சென்ற உலக யுத்தத்தில் இத்தாலி தேசம் வரை போய் வந்தவன். இதுவரை எந்தக் கச்சேரிக்கும் மனு எழுதியதில்லை. எழுத்தில் படபடப்புத் தெரிந்தால் பொறுத்தருளவும். அது கோபத்தில் வந்ததல்ல, அங்கே பூட்டிக் கிடக்கும் புதுத் தட்டு ஒன்றின் மறுபக்கத்தை நான் இன்னும் கேட்கவில்லை என்பதால் வந்தது.

1. கிராம முன்சீப் அவர்கள் தங்களுக்கு அனுப்பியுள்ள ரிப்போர்ட்டில் என் உடைமையை "இடி போல் ஒலிக்கும் யந்திரம்" என்று குறித்திருப்பதாக அறிகிறேன். அது யந்திரமல்ல. சாவி முறுக்கிப் பாட வைக்கும் சாதாரண கிராமபோன் பெட்டிதான். அதில் போடும் தட்டுகளில் இருப்பது ஆர்கன் என்னும் வாத்தியத்தின் ஓசை. ஐயா அவர்கள் ஆர்மோனியப் பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். ஆர்கனுக்கு முன்னால் ஆர்மோனியம் ஒரு கைக்குழந்தை. ஆர்கனில் ஒவ்வொரு சுரத்துக்கும் தனித்தனிக் குழாய் உண்டு. சுண்டுவிரல் அளவுக் குழாயும் உண்டு, பனைமரம் போல நிமிர்ந்து நிற்கும் குழாயும் உண்டு. கொல்லன் துருத்தியைப் போல் பத்துப் பங்கு பெரிய துருத்தி காற்றை ஊட்ட, வாசிப்பவர் இரண்டு கைகளாலும் இரண்டு கால்களாலும் வாசிப்பார். ஒரே ஆள், ஐயா! ஆனால் ஊர்த் திருவிழாவின் மேளக்காரர்கள் அத்தனை பேரும் ஒன்றாய் மூச்செடுத்தது போல் இருக்கும்.

2. இதை நான் முதன்முதல் கேட்டது யுத்தத்தின்போது. ஆற்றுப் பாலம் ஒன்றைச் செப்பனிட எங்கள் பிரிவு ஒரு சிற்றூரில் தங்கியது. அங்கே குண்டு விழுந்து பாதிக் கூரை போன மாதா கோயில் ஒன்று இருந்தது. உள்ளூர்க்காரர் ஒருவர் என் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போய், துருத்திக் கட்டையைக் காட்டி மிதிக்கச் சொல்லிச் சாடை செய்தார். அவர் பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவருக்குத் தெரியாது. மிதித்தேன். அவர் விரலை வைத்தார். ஐயா, அதில் பாதியைக் காதால் கேட்டேன், மீதியை நெஞ்சுக்கூட்டால் கேட்டேன். தரை அதிர்ந்தது. கூரை ஓட்டையிலிருந்து காரைத்தூள் கொட்டியது. நான் சிரித்துக்கொண்டே மிதித்தேன். வேலை முடியும் ஒவ்வொரு பொழுதும் அங்கேயே போய் நின்றேன். நான் வேறு மதத்தவன் என்று அவரும் கேட்கவில்லை, எனக்கும் அது தோன்றவில்லை.

3. ராணுவத்திலிருந்து திரும்பும்போது பெங்களூரில் ஒரு துரை வீட்டுச் சாமான்களை விற்றார்கள். அதில் இந்தப் பெட்டியையும் சில ஆர்கன் தட்டுகளையும் வாங்கினேன். அவற்றைப் போட்டுப் போட்டு எங்கள் தெருவில் எல்லாருக்கும் பழக்கமாகிவிட்டது. ஆனால் எனக்கு ஒரு குறை. அந்தப் பனைமரக் குழாயின் ஓசை மட்டும் தட்டில் விழவே இல்லை. கோயிலில் தரையை அதிர வைத்த அந்த ஓசை பெட்டியில் வெறும் முனகலாகக்கூட வராது. "அது இடி மாதிரி இருக்கும், ஒரு நாள் பாருங்க" என்று கடைத்தெருவிலும் வாய்க்கால் கரையிலும் நான் சொல்லாத ஆள் இல்லை. என் மனைவி அழகம்மாள், "இடி வேணும்னா ஐப்பசியில வரும், காசு கொடுத்தா வாங்குவாங்க?" என்று கேட்பாள். சென்ற மாசி மாதம் திருச்சிக்குப் போன இடத்தில் புதுத் தட்டு ஒன்று கிடைத்தது. இது புது முறையில் பதிவானது, அடித்தொனியும் கேட்கும் என்று கடைக்காரர் உறுதி சொன்னார். பஸ்ஸில் மடியை விட்டு இறக்காமல் கொண்டுவந்தேன்.

4. அன்று சாயங்காலம் நடந்ததே இந்த வழக்கின் சாரம். ஆகவே பேசிய வார்த்தைகளையும் உள்ளபடியே எழுதுகிறேன். என் வீட்டுக் கொல்லையை ஒட்டியது திரு. சிவசாமி அவர்களின் களம். எனக்கு மாமன் முறை. அவர் நெல்லை அடித்துக் குவித்திருந்தார். நான் ஜன்னலோரம் பெட்டியை வைத்து, புது ஊசி மாட்டி, தட்டின் முதல் பக்கத்தைப் போட்டேன். மேலே சிறு குழாய்கள் குருவிக் கூட்டம் போல் எழும்பின. பிறகு நடுக் குழாய்கள் சேர்ந்தன. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். முடிவு நெருங்கும் வேளையில் அது வந்தது. தரைக்குக் கீழிருந்து உருண்டு வந்தது. ஜன்னல் கம்பி அதிர்ந்தது. இத்தனை வருஷம் கழித்து அதே ஓசை! நான் எழுந்து நின்று கை தட்டினேன். கண்ணில் நீர் வந்துவிட்டது என்பதையும் மறைக்கவில்லை.

அப்போது களத்திலிருந்து சிவசாமி, "மாப்ளே, இடி இடிக்குதா? நெல்லை மூடவா?" என்று கூப்பிட்டுக் கேட்டார்.

நான், "இடியில்ல மாமா, பெட்டிதான்! மூட வேணாம், இங்கிட்டு வந்து கேளுங்க!" என்று கத்தினேன்.

அவரும் என் வார்த்தையை நம்பி, நெல்லை மூட வைக்கோல் எடுக்கப்போனவர் அதை விட்டுவிட்டு வேலியோரம் வந்து நின்றார். மறுபடியும் உருண்டது. "அடேங்கப்பா, என்னா சத்தம்!" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்நேரம் அழகம்மாள் அடுப்படியிலிருந்து ஓடி வந்து, "ஏங்க, தட்டு எப்பவோ முடிஞ்சுபோச்சு, ஊசி சும்மா சுத்துது. அது வானங்க, வானம்!" என்றாள். நான் திரும்பிப் பெட்டியைப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. அதற்குள் மழை ஊற்றிவிட்டது.

5. சிவசாமியின் நெல் நனைந்தது. மறுநாள் அவர் கிராம முன்சீப் அவர்களிடம் போய், இடியை இடியில்லை என்று சொல்லித் தம்மை நான் ஏமாற்றியதாகப் புகார் கொடுத்தார். அவர் கோபம் நியாயமே. நான் ஏமாற்றவில்லை, நானே ஏமாந்தேன் என்று சொன்னதை அன்று ஒருவரும் நம்பவில்லை. முன்சீப் அவர்கள் தலையாரியுடன் வந்து, இதற்கு லைசென்சு உண்டா என்று கேட்டார். "வானத்துக்கு லைசென்சு இருக்குதாங்க?" என்று அழகம்மாள் கேட்டுவிட்டாள். அது மரியாதைக் குறைவு என்று அவர்கள் கருதியிருந்தால் அவளுக்காக நான் வருத்தம் தெரிவித்துக்கொள்கிறேன். பெட்டியும் தட்டுகளும் அன்றே சாவடிக்குப் போய்விட்டன.

6. மழை விட்டதும் நானும் அழகம்மாளும் களத்துக்குப் போய் நெல்லைப் பரப்பிக் கிளறிக் கொடுத்தோம். முதலில் சிவசாமி முகம் கொடுக்கவில்லை. வெயில் ஏற ஏற நெல்லும் காய்ந்தது, மனமும் இளகியது. பெருவாரி நெல் தப்பிவிட்டது. முளை விட்டதை மாட்டுக்கு வைத்தோம். அதற்கு ஈடாக என் குதிரிலிருந்து எடுத்துக்கொள்ளச் சொன்னேன், வாங்கிக்கொண்டார். கிளறிக்கொண்டே வந்தவர் நின்று, "அது சரி மாப்ளே, அந்தப் பெரிய குழா நெசமாவே பனை ஒசரம் இருக்குமா? அதுக்குள்ள ஊத எம்புட்டுக் காத்து வேணும்?" என்று கேட்டார். கையிலிருந்த பலகையைப் போட்டுவிட்டு, களத்து மண்ணில் குச்சியால் துருத்தியையும் குழாய்களையும் வரைந்து காட்டினேன். கால் மிதிக்கும் கட்டைகளைக் கண்டதும் அவர், "காலுலயும் வாசிப்பானா!" என்று என் தோளில் ஓங்கி அடித்தார். அன்றே என்னோடு முன்சீப் வீட்டுக்கு வந்து புகாரை விட்டுக்கொடுப்பதாகச் சொன்னார். ரிப்போர்ட்டு திருமயம் போய்விட்டது, இனித் தாசில்தார் உத்தரவு இல்லாமல் சாவியைத் தொட மாட்டேன் என்று முன்சீப் அவர்கள் சொல்லிவிட்டார். அவர் சட்டப்படி நடப்பவர். அவர் மேல் எனக்குப் புகார் இல்லை.

7. என் புகார் வெயிலின் மேல்தான். சாவடிக்குத் தகரக் கூரை. இசைத்தட்டு அரக்கில் செய்த பொருள். சூடு பட்டால் அப்பளம் போல் வளையும், வளைந்தால் பிறகு ஊசி நிற்காது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். தட்டுகள் சுவரில் சாய்ந்து நிற்கின்றன, பிற்பகல் வெயில் நேரே அவற்றின்மேல் விழுகிறது. பழைய தட்டுகள் போனால்கூட மனத்தைத் தேற்றிக்கொள்வேன், அவை எனக்கு மனப்பாடம். புதுத் தட்டின் மறுபக்கத்தில் என்ன இருக்கிறது என்பது எனக்குத் தெரியாது. முதல் பக்கம் முடியும்போது அந்த வாசிப்பு ஒரு வாசலில் வந்து நின்றது போல் நின்றது. கதவு திறந்தால் எப்படி இருக்கும் என்று வயலில் தண்ணீர் பாய்ச்சும்போதும் யோசிக்கிறேன். மடை உடைந்துபோவதைக்கூடக் கவனிப்பதில்லை என்று அழகம்மாள் குறைப்படுகிறாள்.

8. ஆகவே ஐயா அவர்கள் கருணை கூர்ந்து, (அ) பெட்டியையும் தட்டுகளையும் என்னிடம் ஒப்படைக்கக் கிராம முன்சீப் அவர்களுக்கு உத்தரவிடவும், (ஆ) உத்தரவு வருவதற்குத் தாமதமானால் அதுவரை தட்டுகளைத் தரையில் படுக்க வைத்து, வெயில் படாமல் ஈரச் சாக்கு கட்டிய ஜன்னலுக்கு உட்புறம் வைக்கவாவது சொல்லியனுப்பவும் வேண்டுகிறேன். ஈரம் தட்டின்மேல் படக்கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லவும். ஜமாபந்திக்கோ வேறு காரியத்துக்கோ தாங்கள் இந்தப் பக்கம் வர நேர்ந்தால், ஒரு தட்டு ஓடும் நேரம் என் வீட்டில் உட்கார்ந்து கேட்டுப் பார்க்கும்படி பணிவோடு அழைக்கிறேன். கேட்ட பிறகு அதை யந்திரம் என்று எழுதத் தங்களுக்கும் மனம் வராது.

உத்தரவை எதிர்நோக்கி, பாதையைப் பார்த்துக்கொண்டிருக்கும்,

அ. ரத்தினவேல்
(கையொப்பம்)

இடம்: செங்கமேட்டுப்பட்டி
நாள்: 20-3-1954

மேற்படி மனுவில் கண்டவை உண்மை. நான் கொடுத்த புகாரை மனப்பூர்வமாக வாபஸ் பெறுகிறேன். பெட்டியைத் திருப்பிக் கொடுப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. மறுபக்கம் போடும் அன்று எனக்கு முன்கூட்டியே சொல்லியனுப்ப வேண்டும், நான் வந்து சேரும் வரை ஊசியை வைக்கக்கூடாது என்பதையும் உத்தரவில் சேர்த்து எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

சிவசாமி
(இடது கைப் பெருவிரல் ரேகை)