நீ மாட்டிவிட்டுப் போன பாதி

மாப்ளே,

சோற்றைப் பிசையும்போது இன்றைக்கும் கையில் பெட்ரோல் வாடை. எவ்வளவு சோப்புப் போட்டாலும் நகக்கண்ணை விட்டுப் போகவில்லை. ஒரு மாதமாக இந்த வாடையோடுதான் எனக்குச் சாப்பாடு. அலுத்துவிட்டது. எல்லாம் உன் வண்டியால் வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டு வாசலில் சாக்கை விரித்து, பைக் எஞ்சினைப் பிரித்துப் போட்டிருந்தாய். நம் இருவருக்கும் மலைமேல் ஏலக்காய் காயவைக்கும் ஸ்டோரில் வேலை. ராசிங்காபுரத்திலிருந்து போடிமெட்டு ஏறி இறங்க உன் வண்டியை விட்டால் நமக்கு வேறு கதியில்லை. ஒர்க் ஷாப்பில் விடலாம் என்றேன். உன் வண்டியில் இன்னொருத்தன் ஸ்பேனர் வைப்பதா என்று உனக்குக் கோபம் வந்துவிட்டது. பாதியைக் கழுவி மாட்டி முடித்திருந்தபோது வீட்டுக்குள்ளிருந்து சாப்பிடக் கூப்பிட்டார்கள். "சாப்ட்டு வந்து மிச்சத்த மாட்டிக்கிர்றேன். நீ எதையும் தொட்றாத மாப்ளே" என்று எழுந்து போனாய். சாப்பிட்டாய். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படுத்தாய். அவ்வளவுதான்.

காரியமெல்லாம் முடிந்தபின் ஸ்டோரில் உன் வேலையை உன் மகளுக்கே கொடுத்தார்கள். விடியுமுன் கிளம்பி, ஜீப்பில் ஆளோடு ஆளாக நசுங்கிப் போய்வருகிறாள். பிள்ளைக்கு வண்டி ஓட்டத் தெரியும். "அப்பா வண்டிய மட்டும் ஓட வச்சுக் குடுங்க மாமா" என்று கேட்டாள். எனக்குத் தெரியாது என்று எப்படிச் சொல்வது? சாக்கில் கிடந்த மிச்சத்தை நான் மாட்டினேன்.

வாசலில் நின்றால் நன்றாகத்தான் உறுமியது. அடிவாரத்தில் முந்தல் தாண்டி ஏற்றம் பிடித்ததும் இருமும், கரும்புகை கக்கும், அடுத்த வளைவுக்குள் நின்றுவிடும். ஜீப்புக்காரர்கள் ஒதுங்கிப் போகும்போது ஏதாவது சொல்லிச் சிரிப்பார்கள். இறக்கத்தில் சும்மா உருட்டிக்கொண்டே வீடு வந்து சேர்வேன். பிளக்கை மாற்றினேன். கார்பரேட்டரைத் திரும்பத் திரும்பக் கழுவினேன். நான் மாட்டிய ஒவ்வொன்றையும் கழற்றி மறுபடி மாட்டினேன். போடி மெக்கானிக் ஃபில்டர் பெட்டியைப் பார்த்தீர்களா என்று கேட்டார். அது அவன் மாட்டியது, அதில் தப்பு இருக்காது என்றேன். அவரும் உன்னைத் தெரிந்தவர். அப்படியானால் எஞ்சினைத்தான் முழுசாக இறக்க வேண்டும் என்றார். உன் வீடு இப்போதிருக்கும் நிலையில் அதெல்லாம் நடக்கிற காரியமா?

நேற்று உன் மனைவி வந்து பக்கத்தில் நின்றாள். "விட்ருங்கண்ணே. எடைக்குப் போட்ருவோம். பாக்கப் பாக்க எனக்கும் சங்கடமா இருக்கு." மறுநாளே வந்து எடுத்துக்கொள்ள ஆள் சொல்லிவிட்டாளாம். இனி யோசிக்க என்ன இருக்கிறது என்று, அவள் உள்ளே போனதும், நீ மாட்டிய பாதியில் கைவைத்தேன்.

பக்கத்து மூடியைக் கழற்றினால், ஃபில்டர் பெட்டி காற்றை இழுக்கும் வாயில் உன் பழைய பனியன். கழுவும்போது உள்ளே தண்ணீர் போகாமலிருக்கச் சுருட்டி அடைத்திருக்கிறாய். எடுக்க மறந்தவன், மூடியை மட்டும் அப்படி முறுக்கி வைத்திருக்கிறாய். காற்றே போகாவிட்டால் அது எப்படியடா மலை ஏறும்?

வாய்க்கு வந்தபடி உன்னைத் திட்டினேன். எதையும் தொடாதே என்று எனக்குச் சொல்லிவிட்டுப் போன லட்சணம் இதுதானா என்று கேட்டேன். திட்டத் திட்டச் சிரிப்பு வந்தது. பதிலுக்கு நீ திட்டவில்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. சாக்கின்மேலேயே உட்கார்ந்து அழுதேன். உன்னைத் தூக்கிக்கொண்டு போன அன்றுகூட எனக்கு இப்படி அழுகை வரவில்லை.

இன்று காலை வண்டி எங்கும் நிற்காமல் போடிமெட்டு ஏறியது. உன் மகள் ஓட்டினாள், நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் இறங்கி வந்தபோது, எடைக்கு எடுக்க வந்தவனை உன் மனைவி திருப்பி அனுப்பியிருந்தாள். என்னதான் கோளாறு என்று கேட்டாள்.

"நாந்தான் தங்கச்சி, ஒரு சாமான மாத்தி மாட்டிட்டேன்."

அவள் முகம் தெளிந்துவிட்டது. "அதான பாத்தேன். அவரு கை வச்சது எப்பிடி நிக்கும்" என்றாள். உன் மகளும் ஆமாம் என்று சிரித்தாள். நாளைக்கு ஸ்டோர் முழுக்க இதுதான் பேச்சாக இருக்கும்.

சிரிக்கட்டும் மாப்ளே. உன்னுடையது என்று என்னிடம் மிச்சமிருப்பது இந்தத் தப்பு ஒன்றுதான். அதை நான் யாருக்கும் கொடுக்க மாட்டேன்.