இருமுறை எண்ணிய சுழியம்

மார்ச் 4, செவ்வாய்

முதுகலை வகுப்புக்குப் பாடக்குறிப்பு எழுத உட்கார்ந்தேன். வெப்பநிலை சுழியமல்லாத புலக்கோட்பாடு. எட்டாவது ஆண்டாக அதே பாடம். எடுத்துக்காட்டாக இருக்கட்டுமென்று எங்கள் பழைய கட்டுரையின் கணக்கையே, கணினி இல்லாமல், தாளில் போட்டுப் பார்த்தேன். கட்டுரையில் 1.314. தாளில் 0.657.

மூன்று முறை போட்டாயிற்று. பாதிதான் வருகிறது.

மார்ச் 5

பிழை அகப்பட்டது. கோபம் வந்தால் என் கையெழுத்துத் தெளிவாகிவிடும். ஆகவே தெளிவாகவே எழுதிவைக்கிறேன்.

சூடான பிரபஞ்சத்தைக் கணக்கிடும்போது காலத்தை ஒரு வளையமாகச் சுருட்டிக்கொள்கிறோம். அந்த வளையத்தில் பொருந்தும் அதிர்வெண்களை மட்டும் ஒவ்வொன்றாகக் கூட்ட வேண்டும். நேர்ப்பக்கமும் எதிர்ப்பக்கமும் சமம் என்பதால் ஒரு பக்கத்தைக் கூட்டி இரண்டால் பெருக்குவது வழக்கம். எலக்ட்ரான் வகைத் துகள்களுக்கு அதில் குற்றமில்லை. அவற்றின் வரிசையில் சுழியமே கிடையாது. ஒளித்துகள் வகைக்கு உண்டு. அது ஒன்றே ஒன்று, அதற்கு மறுபக்கம் இல்லை. முதல் வகைக்கு எழுதிய நிரலை இரண்டாம் வகைக்கும் எடுத்து ஓட்டியிருக்கிறேன். சுழியம் இருமுறை எண்ணப்பட்டிருக்கிறது.

அவ்வளவு வெப்பத்தில் முடிவைத் தீர்மானிப்பது அந்த ஓர் உறுப்புதான். விடை ஒன்றுக்கு மேலென்றால் ஆதிப் பிரபஞ்சம் நீரைப்போல் கொதித்து நிலைமாறியது, அதில் உண்டான பருப்பொருள் அழியாமல் தங்கியது. கீழென்றால் உண்டானதெல்லாம் துடைக்கப்பட்டுவிட்டது. ஒன்பது ஆண்டுகளாக எங்கள் கோட்பாட்டில் பருப்பொருள் மிஞ்சியிருந்தது. நேற்று முதல் மிஞ்சவில்லை.

மார்ச் 7

நிரல் என்னுடையது, தவறும் என்னுடையது. அது எனக்குப் புரிகிறது. புரியாதது வேறு. "இரு ஆசிரியர்களும் தனித்தனியே கணக்கிட்டு ஒப்பிட்டனர்" என்று கட்டுரையில் அச்சாகியிருக்கிறது. எங்களுக்குள் அதுதான் விதி: ஒருவர் நோட்டை மற்றவர் கடைசி நாள்வரை திறக்கக்கூடாது. மற்ற ஆசிரியன், என் மனைவியின் தம்பி, இன்று துறைத்தலைவர், வேறொரு முறையில் கணக்கிட்டான். அந்த முறையில் அதிர்வெண்களைக் கூட்டும் வேலையே இல்லை. இந்தப் பிழை நுழைய வாசலே இல்லை. பின் எப்படி மூன்றாம் தசமம்வரை ஒத்துப்போயிற்று?

மார்ச் 10

அவன் அறைக்குப் போனேன். கதவைச் சாத்தச் சொன்னான். சாத்தவில்லை.

"உண்மையைச் சொல்லணும்னா, அத்தான், உங்க நோட்டைப் பார்த்தப்பவே, எனக்கு அதுல பாதிதான் வந்திருந்துச்சு. எங்கயோ ஒரு ரெண்டை விட்டுட்டேன்னு நெனச்சேன். நீங்க தப்பு பண்ணுவீங்கன்னு யாருக்குத் தோணும்?"

"அதனால?"

"பெருக்கினேன்."

"ரெண்டால."

"ரெண்டாலதான். பெருக்கினதும் அச்சு அசலா உங்க நம்பர். நிம்மதியாத் தூங்கினேன்."

கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும், அவன் கையெழுத்தும் வேண்டும் என்றேன். சிரித்தான். "அதை யாரு படிக்கிறா? மேற்கோள் காட்டினவங்க பதினோரு பேர். அதுல ஏழு நாமளே. நம்ம தலையில நாமளே மண்ணை வாரிப் போட்டுக்கணுமா?"

குரலை உயர்த்தவில்லை நான். உயர்த்தியிருந்தால் அவனுக்கு எளிதாக இருந்திருக்கும்.

மார்ச் 11

வகுப்புக்குப் போகவில்லை.

மார்ச் 14

இன்று மனைவியிடம் சொன்னேன். தம்பிக்குப் பரிந்து பேசுவாள் என்று எதிர்பார்த்தேன். துணி மடித்துக்கொண்டே சொன்னாள்: "உங்களுக்குப் பயந்துதான் பெருக்கியிருப்பான். இந்த வீட்டுல நாங்க எல்லாரும் அதைத்தானே பண்றோம்."

அப்படியா? எத்தனை ஆண்டுகளாக?

மார்ச் 19

திரும்பப் பெறும் கடிதத்துக்காகப் பழைய கோப்புகளைக் கிளறினேன். ஆறு ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆய்விதழுக்கு நான் எழுதிய மதிப்பீட்டறிக்கை ஒன்று கிடைத்தது. ஒரு பெண்மணி எங்கள் கோட்பாட்டையே எடுத்துத் தனியாகக் கணக்கிட்டிருந்தார். அவருக்கு வந்தது 0.66. நான் எழுதியது இது: "ஒன்றையொன்று சாராத இரு கணக்கீடுகளுக்கு இது முரணானது. சுழிய அதிர்வெண் உறுப்பைக் கட்டுரையாசிரியர் மீண்டும் சரிபார்ப்பது நலம். வெளியிடத் தகுதியற்றது."

சரிபார்ப்பது நலம். எவ்வளவு அழகான வாக்கியம். எழுதிய கையை வெட்டலாம் போலிருக்கிறது.

அந்த ஆண்டே அவருடைய பணிக்காலம் நீட்டிக்கப்படவில்லையாம். இப்போது ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் இருக்கிறார். அவருக்கு மின்னஞ்சல் எழுதினேன். மதிப்பீட்டாளர் தன்னை வெளிப்படுத்திக்கொள்ளக் கூடாது, வெளிப்படுத்திக்கொண்டேன்.

ஏப்ரல் 2

அவரே தொலைபேசியில் அழைத்தார்.

"அது நீங்கதான்னு அன்னிக்கே தெரியும் சார். 'நலம்'னு முடிச்சுட்டுக் கழுத்தறுக்க வேற யாருக்கு வரும்?"

குரலில் கோபமில்லை. இருந்திருக்கலாம். அந்தக் கட்டுரையை மறுபடி அனுப்புங்கள், நானே பரிந்துரைக்கிறேன் என்றேன்.

"நோட்டெல்லாம் வீடு மாத்தும்போது பழைய பேப்பர்காரர்கிட்டப் போட்டுட்டேன். இப்ப உட்கார்ந்தா முதல் வரிகூட வராது சார்." கேட்டார்: "எந்த இடத்துல தப்பு?"

சொன்னேன்.

"நானும் என்னோடதுல அதே இடத்தைத்தான் நாலு மாசம் தேடினேன்" என்றார். பிறகு யாரோ கூப்பிடுகிறார்கள் என்று வைத்துவிட்டார்.

ஏப்ரல் 9

அவன் கையெழுத்திட்டுவிட்டான். வேறு யாரும் கண்டுபிடிக்குமுன் நாமே சொல்லிவிடுவது கௌரவமாம். "தனித்தனியே கணக்கிட்டு" என்ற வரியைப் பற்றி அறிவிப்பில் ஒரு சொல்லும் கூடாதென்பது நிபந்தனை. ஒப்புக்கொண்டேன். அறிவிப்பில் அந்தப் பெண்மணியின் பெயரையும், சரியான விடையை முதலில் கண்டவர் அவரே என்பதையும் சேர்த்து அனுப்பினேன்.

ஏப்ரல் 23

அறிவிப்பு வெளிவந்துவிட்டது. மூன்று வரி. கட்டுரை திரும்பப் பெறப்படுகிறது, சரியான விடை 0.657, ஆசிரியர்கள் வருந்துகிறார்களாம். அந்தப் பெண்மணியின் பெயர் இல்லை. பதிப்பாசிரியர் மிகுந்த மரியாதையுடன் விளக்கியிருக்கிறார்: வெளிவராத கட்டுரையை மேற்கோள் காட்ட இதழின் விதிகள் இடம் தருவதில்லை. அந்தப் பெண்மணி அந்த விடையைக் கண்டார் என்பதற்கு ஏதேனும் எழுத்துச் சான்று இருந்தால் அனுப்பலாம் என்கிறார்.

உலகத்தில் ஒன்றே ஒன்று இருக்கிறது. என் அறிக்கை. இன்று காலை அதை அனுப்பிவைத்தேன். மாலையில் பதில் வந்தது. மதிப்பீட்டறிக்கைகள் ரகசியமானவை, ஆகவே அதைச் சான்றாக ஏற்பதற்கில்லை.