அப்பாவுக்குக் காரைக்காலைச் சுற்றிக் காட்டினேன்

என் உசிரான அம்மாவுக்கு,

நீ போய் ஒரு வருஷம் நெருங்குது. இத்தனை நாளும் உன்னோடு மனசுக்குள்ளேயே பேசிக்கொண்டிருந்தேன். நேற்று நடந்தது அப்படிப் பேசித் தீரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அப்பாவுக்குக் கண் போகுதும்மா. பக்கத்தில் வருகிற ஆள் தெரியாமல் இடித்துக்கொள்கிறாரே என்று காரைக்காலில் கண் டாக்டரிடம் கூட்டிப் போனேன். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு கெட்டுவிட்டதாம். "போன பார்வை திரும்பாதுங்க. மிச்சத்தைச் சொட்டு மருந்து போட்டுக் கொஞ்ச காலம் இழுத்துப் பிடிக்கலாம்" என்றார். "எதுவரைக்குங்க?" என்று அப்பா கேட்டார். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் யாரைப் பார்ப்பேன்?

வெளியே வந்ததும் அப்பா சொன்னார்: "ஊரைச் சுத்திப் பாத்துட்டுப் போவமா?"

"எந்த ஊருப்பா?"

"இந்தக் காரைக்காலத்தான். கடல்லேருந்து பாத்திருக்கேன், உள்ள வந்து பாத்ததில்ல. உங்கம்மா எங்கெங்க மீன் வித்தாளோ அங்கெல்லாம் கூட்டிப் போ."

நம்ம பட்டினச்சேரியில் பஸ் ஏறினால் வந்துவிடுகிற ஊர். தலை முழுக்க நரைத்த பிறகு இப்படிக் கேட்கிறார். அவருக்குக் காரைக்கால் என்றால் இருட்டில் தெரியும் லைட்ஹவுஸ் வெளிச்சம், வலையோடு கரை சேரும் துறைமுகம், அவ்வளவுதானே?

பள்ளிக்கூட லீவில் உன் பின்னால் வந்த வழியை நினைவு வைத்துக் கூட்டிப் போனேன். அம்மையார் கோயில் குளத்தைக் குழாய் வழியே பார்ப்பவர் மாதிரி, தலையைத் திருப்பித் திருப்பித் துண்டு துண்டாகப் பார்த்தார். "மாங்கனித் திருவிழாவுக்கு இங்கதாம்பா கூட்டம் நெரியும். அம்மா மாம்பழத்தோட வீட்டுக்கு வருமே" என்றேன். "அப்பல்லாம் நான் தொழிலுக்குப் போயிருப்பேன்" என்றார்.

பிரெஞ்சுக்காரன் காலத்து வீடுகள் பக்கம் வெளியூர்க்காரர்கள் சிலர் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். அப்பா சுவரைத் தடவிக்கொண்டே நடந்தார். கொஞ்ச தூரம் போனதும் மூச்சு வாங்க நின்றுவிட்டார்.

"இம்மாந்தூரமா கூடையைத் தலையில வச்சுக்கிட்டு நடந்தா?"

"ஆமாம்பா."

"சொல்லவே இல்லியே."

நீ சொல்லவில்லையா, அவர் கேட்கவில்லையா அம்மா?

மாதா கோயில் வீதியில் உன்னிடம் வாடிக்கையாக மீன் வாங்கும் பச்சை கேட் வீட்டம்மா வாசலில் நின்றார்கள். என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார்கள். "நீ பட்டினச்சேரியம்மா மவதானே? அம்மாவ ஆளையே காணும், எப்படி இருக்காங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார். "நல்லாருக்காங்க. முட்டி வலி, நடக்க முடியல."

"அடப்பாவமே. சரியானதும் வரச் சொல்லுங்க. அவங்க ஆஞ்சு குடுக்குற கிழங்கான் மீன் மாதிரி யாரும் குடுக்குறதில்ல."

"சொல்றேங்க" என்றார் அப்பா.

கடற்கரைக்கு நடந்தோம். அரசலாறு கடலில் சேருகிற பக்கமாக உட்கார்ந்தோம். பிள்ளைகள் பட்டம் விட்டார்கள். அவருக்கு எது தெரிந்தது, எது தெரியவில்லை என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"ஏம்பா அப்படிச் சொன்னீங்க?"

அப்பா கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நம்ம வீட்டுலதான் அவ இல்ல. அந்தம்மா வீட்டுலயாவது இருந்துட்டுப் போறா."

நீயாக இருந்தால் ஏதாவது அதட்டிப் பேசி எழுப்பியிருப்பாய். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.

வீட்டில் மருந்து போட்டேன். போட்டால் மெதுவாகப் போகும், போடாவிட்டால் சீக்கிரம் போகும். அதற்குமேல் என் கையில் ஒன்றுமில்லை அம்மா. உன்னையும் இப்படித்தான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

ஒன்று மட்டும் சத்தியமாகச் சொல்கிறேன். பச்சை கேட் வீட்டம்மா எப்போது கேட்டாலும், உனக்கு இன்னும் முட்டி வலி தீரவில்லை என்றுதான் சொல்வேன்.

உன் மூத்த மகள்
செல்வி