செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில்

அம்மாடி,

நீ அங்கே சுகமாக இருப்பாய் என்று நம்பிக்கொண்டுதான் எழுத உட்கார்ந்தேன். அம்மா நன்றாக இருக்கிறாள், எனக்கு முட்டிவலி தவிர ஒன்றுமில்லை. உன் தம்பி வாண்டு ஆபரேஷன் முடிந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறான், கண் திறந்துவிட்டான், அதெல்லாம் போனில் சொன்னதுதான். சொல்லாதது ஒன்று இருக்கிறது. பேசும்போதெல்லாம் அம்மா பக்கத்திலேயே நிற்கிறாள், அவள் முன்னால் கேட்க முடியவில்லை.

திங்கட்கிழமை அவனை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வார்டில் உட்கார்ந்திருந்தோம், அப்போதுதான் உன் செய்தி வந்தது, நீ கண்டுபிடித்த சிறுகோளுக்கு உன் தம்பி பெயரையே வைத்துவிட்டார்கள் என்று. அவன் எழுந்து உட்கார்ந்து நர்ஸம்மாவிடமெல்லாம் காட்டினான். எனக்கு மட்டும் அதில் சந்தோஷமில்லை. காலமெல்லாம் டவுன் பஸ் ஓட்டியவன் நான். என் ரூட்டில் இருந்த பாலம், பூங்கா, ஸ்டேடியம், கண்டக்டர் கத்திச் சொல்லும் ஸ்டாப்பிங் எல்லாமே செத்துப்போனவர்கள் பெயர்தான். உயிரோடு இருக்கிறவன் பெயரை யார் வைக்கிறார்கள்? அதற்கு முந்தின வாரம்தான் நீ இதய டாக்டரிடம் போனில் வெகுநேரம் இங்கிலீஷில் பேசினாய். பேசிவிட்டு எங்களிடம் "ஒண்ணும் பயமில்லப்பா" என்றாய், குரல் கம்மியிருந்தது. அவர் உன்னிடம் ஏதோ சொல்லியிருக்கிறார், அதனால்தான் அவசரமாகப் பெயர் வைத்துவிட்டாய் என்று என் மனசு முடிச்சுப் போட்டுவிட்டது.

அம்மாவின் பயம் வேறு மாதிரி. அந்தக் கல் எங்கேடா இருக்கு என்று அவள் கேட்க, செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவுலம்மா என்று அவன் சொல்ல, அவள் முகம் வெளுத்துவிட்டது. "நடுவுல புதன். புதன்கிழமைதானே ஆபரேஷன்" என்றாள். அவன் சிரித்த சிரிப்பில் மூச்சு வாங்கி, நர்ஸம்மா ஓடிவந்து எங்கள் இரண்டு பேரையும் திட்டி வெளியே அனுப்பினாள். அது கிழமை இல்லை, கிரகம் என்று நடைவழியில் விளக்கினேன். அவளுக்குப் புரிந்தது, பயம் போகவில்லை. எனக்கும்தான்.

மறுநாள் பொறுக்க முடியாமல் அவனிடமே கேட்டுவிட்டேன், அக்கா இப்போ எதுக்குடா பேர் வைக்கணும் என்று. என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டான். "கண்டுபிடிச்ச உடனே வைக்க முடியாதுப்பா. பல வருஷம் பார்த்து, அது போற பாதை சரியாத் தெரிஞ்ச பிறகுதான் நம்பர் கொடுப்பாங்க. அதுக்கப்புறம் அக்கா பேரை எழுதி அனுப்பணும், ஒரு குழு பார்த்து ஒத்துக்கணும், அதுக்கே மாசக்கணக்காகும். எனக்கு நெஞ்சு அடைச்சதே போன மாசம்தானே" என்றான். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, "நானும் கணக்குப் போட்டுப் பார்த்துட்டேன்பா" என்றான். அவனுக்கும் அதே பயம் இருந்திருக்கிறது அம்மாடி.

ஆபரேஷன் அன்று தியேட்டர் கதவைப் பார்த்தபடியே இருந்தோம். பிரேக் பிடிக்காத வண்டியை இறக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தியவன் நான், அன்றைக்குக்கூட இப்படிப் பயந்ததில்லை. வால்வை மாற்றியாகிவிட்டது, இன்னும் சில நாள் போனால்தான் உறுதியாகச் சொல்ல முடியும் என்றார் டாக்டர்.

இன்று காலை என்னை மட்டும் உள்ளே விட்டார்கள். தொண்டைக் குழாயை எடுத்திருந்தார்கள். ஏதோ முனகினான், தண்ணீர் கேட்கிறான் என்று குனிந்து காதைக் கொடுத்தேன். "அது இப்ப எங்கப்பா இருக்கும்?" என்றான். எனக்கென்ன தெரியும்? ஓடிக்கிட்டேதான்டா இருக்கும், சூரியனை ஒரு சுத்து வரவே நாலு வருஷத்துக்கு மேல ஆகும்னு நீதானே சொன்னே என்றேன். "அப்ப ஒரு சுத்தாவது பார்த்துடணும்பா" என்றான். ஒரு சுத்து போதுமாடா என்று அதட்டப் போனவன், அவன் போர்வையை இழுத்துச் சரிசெய்துவிட்டு வந்தேன்.

வேளைக்குச் சாப்பிடு, டெலஸ்கோப் இருக்கும் அந்த மலைக்குளிரில் காதை மூடிக்கொள். டாக்டர் உன்னிடம் ஏதாவது சொல்லியிருந்தால் எனக்கு மட்டும் எழுது, அம்மாவுக்கு வேண்டாம். எங்கள் இருவர் ஆயுசும் உங்கள் இருவருக்கும் சேரட்டும். அந்தக் கல் இப்போது எந்தப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது என்பதை மறக்காமல் எழுது. அவன் திரும்பவும் கேட்பான். கேட்க வேண்டும்.

உன் வழியையே பார்த்திருக்கும்,
அப்பா