அப்பா வரைந்த பெத்லகேம்

தச்சநல்லூர்
1.12.2024

கெசியா அப்பாவுக்கு,

ரீபா எழுதுவது. நாங்கள் இருவரும் சுகம். உங்களுக்கு இருமல் நின்றதா? போன வாரம் மனு போட்டு உங்களைப் பார்க்க வந்தபோது கம்பிவலைக்கு அந்தப் பக்கம் நீங்கள் இருமிக்கொண்டே இருந்தீர்கள். கேட்க வந்ததைக் கேட்காமலே திரும்பிவிட்டேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

ஆலயத்தில் புத்தகக் கடை போட்டிருந்தார்கள். கெசியாவுக்கு ஒரு கிறிஸ்துமஸ் படப்புத்தகம் வாங்கினேன். நாலு வயதில் எழுத்து எங்கே தெரியப்போகிறது, படத்தைப் பார்த்து அவளே கதை சொல்கிறாள். மேய்ப்பர்களை நிற்கவிடாமல் புரட்டிவிட்டு ஒட்டகப் பக்கத்துக்குப் போய்விடுகிறாள். பிறந்த பாலனைப் பார்க்க வருகிற சாஸ்திரிகள் மூன்று பேரில் கடைசி ஆளைத் தொட்டு, "இது எங்க அப்பா. துபாயில இருந்து வாராவ" என்கிறாள். இன்று ஞாயிறு பள்ளியில் எல்லாப் பிள்ளைகளிடமும் சொல்லிவிட்டாள், இருபத்தைந்தாம் தேதி அப்பா ஒட்டகத்தில் வந்து இறங்குவார் என்று. டீச்சருக்கு நம் விஷயம் தெரியும். என் முகத்தைப் பார்த்தார். எனக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போல இருந்தது.

துபாய் நீங்கள் சொல்லச் சொன்ன பொய். பதினாலு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இனி என்னால் முடியாது. உண்மையைச் சொல்லிவிடட்டுமா?

ரீபா

மத்திய சிறை, பாளையங்கோட்டை
5.12.2024

அன்புள்ள ரீபாவுக்கு,

இருமல் தேவலை. நீ கவலைப்படாதே.

பிள்ளையிடம் சொல்லாதே. இன்னும் ஒன்பது மாதம்தான். இந்த வலைக்குப் பின்னால் என்னைப் பார்த்துவிட்டால் அவள் ஆயுசுக்கும் அந்த முகத்தைத்தான் நினைப்பாள். அதிகாரமாகச் சொல்லவில்லை, கெஞ்சிக் கேட்கிறேன்.

இங்கே பாடம் நடத்த வருகிற வாத்தியார் கலர் பென்சில் தந்தார். நானே ஒரு கிறிஸ்துமஸ் புத்தகம் வரைந்துவிட்டேன், ஆறு பக்கம். இத்துடன் இருக்கிறது. பக்கங்களின் ஓரத்தில் சிறை முத்திரை குத்துவார்கள். அதை வெட்டி எடுத்துவிட்டுக் காட்டு. ஒட்டகம் சரியாக வரவில்லை, எருமைக்கு முதுகு வீங்கினது போல இருக்கிறது. சிரிப்பாள். அப்பா துபாயில் இருந்து அனுப்பினார் என்று சொல்.

எபனேசர்

தச்சநல்லூர்
10.12.2024

கெசியா அப்பாவுக்கு,

முத்திரையை வெட்டினேன். வெட்டி என்ன புண்ணியம்? நீங்கள் என்ன வரைந்தீர்கள் என்று உங்களுக்காவது தெரியுமா? மாட்டுக் கொட்டகைக்குக் கம்பி. சத்திரத்து ஜன்னலுக்குக் கம்பி. பெத்லகேமைச் சுற்றி உயரமான மதில், மூலையில் காவல் கூண்டு, அதற்கு மேல் நட்சத்திரம். நானும் முதலில் கவனிக்கவில்லை, ஒட்டகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். அவள்தான், "எம்மா, பாலன உள்ள வச்சு யாரு பூட்டுனா?" என்று கேட்டாள். ஆடு மாடு ஓடிவிடாமல் இருக்க என்று சமாளித்தேன்.

முந்தாநாள் ஆராதனைக்குப் போகிற பஸ்ஸில் சரியான கூட்டம். எப்போதும் ஜெயில் மதில் தெரியாத பக்கம் பார்த்துத்தான் உட்காருவேன். அன்றைக்கு அந்தப் பக்க ஜன்னல்தான் கிடைத்தது. மடியில் உங்கள் புத்தகத்தை வைத்திருந்தாள். "எம்மா, இங்கன பாரு, அப்பா வரைஞ்ச பெத்லகேம்" என்று கத்தினாள். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

இறங்கி, ரோட்டோரம் நிறுத்திவைத்துச் சொல்லிவிட்டேன். "அப்பா துபாயில இல்லட்டி. அந்த மதிலுக்குள்ளதான் இருக்காவ." அவள் அழவில்லை. "இம்புட்டுப் பக்கத்துலயா?" என்றாள். கொஞ்ச தூரம் நடந்த பிறகு கேட்டாள், "என்ன செஞ்சாவ?"

அதை நான் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். குடித்தது நீங்கள், வேனை எடுத்தது நீங்கள். செத்துப்போன சங்கிலிபூதத்தான் வீட்டிலும் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். அப்பா துபாயில் இருக்கிறார் என்று அவர்களிடம் யாராலும் சொல்ல முடியவில்லை.

21ஆம் தேதி சனிக்கிழமை அவளைக் கூட்டி வருகிறேன். நீங்கள் உங்கள் வாயால் சொல்ல வேண்டும். பெயர் கூப்பிட்டும் கம்பிவலைக்கு வராமல் இருந்துவிட்டால், இந்த வீட்டுக்கு இனிக் கடிதம் போட வேண்டாம். வெளியே வந்த பிறகும் எங்களைத் தேட வேண்டாம். ஆத்திரத்தில் எழுதவில்லை. இரண்டு நாள் யோசித்துத்தான் எழுதுகிறேன்.

ரீபா

மத்திய சிறை, பாளையங்கோட்டை
14.12.2024

அன்புள்ள ரீபாவுக்கு,

உன் கடிதம் வந்தது. கம்பி வரைந்தது சத்தியமாக எனக்குத் தெரியாது. வீடு வரைய உட்கார்ந்தால் கை அப்படித்தான் போகிறது.

சனிக்கிழமை வருவேன். பிள்ளை முகத்தைப் பார்த்து நானே சொல்வேன். நினைத்தாலே பயமாக இருக்கிறது, ஆனாலும் சொல்வேன். ஒன்று மட்டும் செய். அவளை ஒன்றும் தெரியாமல் கூட்டி வந்து என் முன்னால் நிறுத்திவிடாதே. நான் செய்ததைக் கேட்ட பிறகும் என்னைப் பார்க்க வருவாளா என்று அவள்தான் சொல்ல வேண்டும். அதற்காக அந்தப் புத்தகத்துக்கு ஏழாம் பக்கம் எழுதியிருக்கிறேன். ஒரு வார்த்தையும் மாற்றாமல் அவளுக்கு வாசித்துக் காட்டு. முத்திரையை வெட்டாதே.

"ஒரு அப்பா இருந்தார். அவர் வேன் ஓட்டுவார். ஒரு நாள் குடித்துவிட்டு ஓட்டினார். எதிரே சைக்கிளில் ஒருவர் வந்தார். அவர் பெயர் சங்கிலிபூதத்தான். அப்பா அவர் மேல் மோதிவிட்டார். அவர் செத்துப்போனார். அவர் வீட்டிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அதனால்தான் அப்பாவை உள்ளே வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். பூட்டினது சரிதான். துபாய் பொய். அது அம்மாவின் பொய் இல்லை, அப்பாவின் பொய். அப்பாவிடம் ஒட்டகம் கிடையாது."

அந்தப் பக்கத்தில் நான் படம் போடவில்லை. மேலே பாதித் தாளை அவளுக்காக விட்டிருக்கிறேன். அவளுக்குத் தோன்றினதை வரையட்டும். வர மாட்டேன் என்று சொன்னால் வற்புறுத்தாதே, அந்தத் தாளை மட்டும் நீ கொண்டு வா. வரையாமல் விட்டிருந்தாலும் கொண்டு வா.

கெசியாவின் அப்பா
எபனேசர்