முந்நூறு போன், ஒரு ரவுட்டர்

செவ்வாய், இரவு

இன்று என்னால் ஒருவன் மண்டை உடைந்தது. இன்டர்நெட் லைன்மேன் முருகன்.

சுங்குவார்சத்திரத்தில் எங்கள் விடுதியில் கம்பெனி ஆட்கள் முந்நூறு பேர் தங்கியிருக்கிறார்கள். வைஃபை என் பொறுப்பு. நாலு பேர் படம் இறக்கியே மொத்த வேகத்தையும் தின்கிறார்கள் என்று, போன வாரம் ஒவ்வொரு போனுக்கும் தனித்தனி வேக வரம்பு போட்டுத் தொலைத்தேன். எந்தப் போனுக்கு எது வந்தாலும் போனாலும் முந்நூறு வரம்பையும் புரட்டிப் பார்த்தே அந்தச் சின்ன ரவுட்டருக்கு மூச்சு முட்டிவிட்டது. தொட்டால் கை சுட்டது. யாருக்கும் நெட் இல்லை.

கேட்டவர்களிடமெல்லாம் "லைன்ல கோளாறு" என்றேன்.

ஷிப்ட் முடிந்து வந்தவர்கள் வாசல் கம்பத்தில் ஏறியிருந்த முருகனைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"லைன் நல்லாத்தான் கீதுப்பா. உள்ள பொட்டியப் பாருங்க" என்றான் அவன்.

"எங்ககிட்டயே கதை வுடுறியா?" என்று ஏணியோடு இழுத்துத் தள்ளினார்கள். விழுந்தவனை மிதித்தார்கள். ரத்தம் வழிய என்னைப் பார்த்தான்.

"நீயாச்சும் சொல்லுண்ணா."

நான் ஆட்டோ பிடிக்கத் தெருவுக்கு ஓடினேன்.

அவனை ஆட்டோவில் ஏற்றி அனுப்பியதும் உள்ளே ஓடி எல்லா வரம்பையும் அழித்தேன். அடுத்த நிமிடம் நெட் வந்தது. மாடியெல்லாம் விசில்.

மிதித்தவர்களில் ஒருவன் வந்து என் தோளில் தட்டினான். "பாத்தியாண்ணா, நாலு சாத்து சாத்துனாதான் இவனுங்க வேலை செய்றானுங்க."

நானும் அவனோடு சேர்ந்து சிரித்தேன்.