அம்மா, அந்தச் சீட்டின் மூன்றாவது வரி

கல்லறைத் தோட்டத்தில் வேலியோரமாகப் படுத்திருக்கும் என் அம்மாவுக்கு, உன் மகள் எஸ்தர் ஆசையோடு எழுதுவது.

நீ போய் ஆறு வருஷம் ஆகிறது. உனக்கு வாசிக்கத் தெரியாது என்பதை நான் மறக்கவில்லை. இதைச் சபைப் பத்திரிகைக்கு அனுப்பப் போகிறேன். பெண்கள் கூட்டத்தில் யாராவது ஒருத்தி உரக்க வாசிப்பாள். உனக்கும் கேட்டாலும் கேட்கும், இல்லையா?

நான் இப்போது பாளையங்கோட்டையில் ஒரு துரைசானி வீட்டில் ஆயாவாக இருக்கிறேன். இரண்டு பிள்ளைகள். துரை சீமைச் சண்டைக்குப் போய்விட்டார். கடலில் கப்பல்களை மூழ்கடிக்கிறார்களாம், அதனால் துரைசானியால் ஊருக்குத் திரும்ப முடியவில்லை. அவளும் அடைபட்டுக் கிடக்கிறாள், என்னையும் அடைத்து வைத்திருக்கிறாள்.

உனக்கு இங்கிலீஷ் தெரியாது என்று யார் சொன்னது? அட்வான்ஸ், லீவு, பைன், நோட்டீஸ், டிஸ்மிஸ்... வேலையும் காசும் சம்பந்தப்பட்ட சொல்லெல்லாம் உனக்கு அத்துப்படி. ஆனால் ஒன்றைக் கவனித்தாயா அம்மா? அத்தனையும் அவர்கள் வாயிலிருந்து நம் காதுக்கு வருகிற சொற்கள். திருப்பிச் சொல்ல நமக்கு இருந்தது 'எஸ், மேடம்' மட்டும்தான். வேலைக்காரர்களும் நோட்டீஸ் கொடுக்கலாம் என்று போர்டிங் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு வந்து உன்னிடம் சொன்னேன். அடுப்பை ஊதிக்கொண்டே சிரித்தாய்.

"போட்டீ, கிறுக்கி. அத அவியதான் குடுப்பாவ. நம்ம குடுத்தா யாரு வாங்குவா?"

இப்போது நான் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். உன் பழைய துரைசானி கப்பலேறும்போது உனக்கு ஒரு நற்சாட்சிச் சீட்டு எழுதிக் கொடுத்தாளே, அதை என்னிடம்தான் வாசிக்கக் கொடுத்தாய். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. இங்கிலீஷில் மூன்றே வரி. ஞானம்மாள் நேர்மையானவள். ருசியாகச் சமைப்பாள். இந்த இரண்டையும் சரியாகத்தான் சொன்னேன். மூன்றாவது வரியில், பார்வை மங்கி வருகிறது, அடுப்படியில் தனியே விடத் தகுந்தவள் அல்ல என்று இருந்தது. நீ என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாய். "இவளை வைத்துக்கொள்கிற வீடு கொடுத்துவைத்த வீடு" என்று வாசித்துவிட்டேன்.

"இன்னொரு வாட்டி வாசிட்டி" என்றாய். மறுபடியும் அப்படியே வாசித்தேன்.

முந்திய துரைசானிகள் எழுதிய ஐந்து சீட்டு வைத்திருந்தாய், ஐந்தும் நல்ல சீட்டு. ஆனால் பங்களாச் சமையல்காரர்கள் எல்லோரும் செய்கிற மாதிரி, புதுச் சீட்டைத்தான் மேலே வைத்தாய். புதுசுக்குத்தான் மதிப்பு என்பது உங்கள் எண்ணம். நாலு பங்களா ஏறி இறங்கினாய். ஒவ்வொரு துரைசானியும் மேல் சீட்டை மட்டும் வாசித்துவிட்டு, சிரித்த முகமாகச் சீட்டுகளைத் திருப்பிக் கொடுத்தாள்.

"வேகன்சி இல்லையாம்ட்டி" என்று வந்து உட்கார்ந்தாய். நீ கற்றுக்கொண்ட கடைசி இங்கிலீஷ் சொல் அதுதான்.

அதற்கப்புறம் ஏரலில் நெல் குத்தப் போனாய். மேல் சீட்டை எடுத்துவிட்டுப் பழசைக் காட்டு என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பாயே. அடிப்பாய் என்று பயப்படவில்லை, உன் முகம் வாடிப்போகும் என்றுதான் பயந்தேன். உலக்கை பிடித்து உன் உள்ளங்கை கொப்புளித்ததைப் பார்த்துக்கொண்டே வாயை மூடிக்கொண்டிருந்தேன். என்னை மன்னிப்பாயா அம்மா?

எனக்கு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை படிக்க ஆசை. சேர வேண்டுமானால் இப்போதைய எஜமானியின் சீட்டு வேண்டும். மூன்று வருஷமாகக் கேட்கிறேன். பிள்ளைகளை யார் பார்ப்பது, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்கிறாள். சீட்டு இல்லாமல் போனால் ஆஸ்பத்திரியும் கிடையாது, வேறு பங்களாவும் கிடையாது. பங்களா கேட்டுக்குப் பூட்டில்லை. ஆனாலும் எங்கே போவது?

இங்கே சமையலுக்கு இருந்தவள் பாக்கியம் அக்கா, ராதாபுரத்துக்காரி. இரண்டு பீங்கான் தட்டை உடைத்துவிட்டாள் என்று போன மாதம் அவளை டிஸ்மிஸ் செய்தார்கள். என் கையெழுத்து அழகு என்று துரைசானி தன் கடிதங்களை எல்லாம் என்னிடம்தான் சொல்லி எழுத வைப்பாள். பாக்கியம் அக்காவின் சீட்டையும் நான்தான் எழுதினேன். கை நடுங்குகிறது, சாமான்களை உடைக்கிறாள் என்று எழுதச் சொன்னாள். எழுதினேன். அடியில் துரைசானி கையெழுத்துப் போட்டாள்.

"எஸ்தரு, என்னட்டி எழுதியிருக்கு? பைய சொல்லு" என்று அக்கா அடுப்படியில் வைத்துக் கேட்டாள். இந்தத் தடவை உள்ளதை உள்ளபடி சொன்னேன். அவள் முகம் வாடத்தான் செய்தது.

"அப்ப இதக் காட்டாண்டாம், என்னட்டி?"

"வேண்டாங்க்கா. பழசக் காட்டுங்க."

சீட்டை அடுப்பில் போட்டாள். பழைய சீட்டுகளோடு போய் ஒரு இஞ்சினீயர் துரை வீட்டில் நாலே நாளில் சேர்ந்துவிட்டாள். எனக்குச் சந்தோஷமும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது. உனக்கும் இவ்வளவுதானே தேவைப்பட்டிருக்கும்?

போன வாரம் இஞ்சினீயரின் துரைசானி, பாக்கியம் அக்காவிடம் இந்த வீட்டுச் சீட்டு மட்டும் இல்லையே என்று விசாரித்து என் துரைசானிக்கு எழுதியிருந்தாள். இவள் என்னைக் கூப்பிட்டு மேஜைமுன் உட்கார வைத்தாள். "சீட்டை அவளுக்கு வாசித்துக் காட்டியது நீதானே?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். கோபப்படவில்லை. "பதில் எழுது. அவள் ஒன்றுக்கும் உதவாதவள், உடனே அனுப்பிவிடுங்கள் என்று எழுது. இதை எழுதி முடித்தால், ஆஸ்பத்திரிக்கு உன் சீட்டை இன்றைக்கே தருகிறேன்" என்றாள்.

உன்னிடம் மறைக்க மாட்டேன், எழுதத் தொடங்கிவிட்டேன். பாக்கியம் என்னும் சமையல்காரி என்பதுவரை எழுதினேன். அதற்குமேல் கை ஓடவில்லை. ஏரலில் நீ முறத்தோடு குனிந்து நின்றதுதான் கண்ணில் நின்றது. அந்தக் காகிதத்தை ஒதுக்கிவிட்டு வேறொன்று எடுத்தேன். இன்றிலிருந்து ஒரு மாத நோட்டீஸ் கொடுக்கிறேன் என்று இங்கிலீஷில் ஒரே வரி எழுதி, என் பெயரைப் போட்டு, அவள் பக்கம் நகர்த்தினேன்.

இரண்டு தடவை வாசித்தாள். மூன்று வருஷமாகத் தன் கடிதங்களை எல்லாம் என் கையால் எழுதி வாங்கியவள், தலையை நிமிர்த்தி, "இதை உனக்கு யார் எழுதிக் கொடுத்தது?" என்று கேட்டாள்.

"நான்தான், மேடம்" என்றேன்.

இஞ்சினீயர் வீட்டுக்கு அவளே பதில் எழுதிவிட்டாள். பாக்கியம் அக்காவை வேலையை விட்டு நிறுத்துவார்களோ, வைத்துக்கொள்வார்களோ தெரியாது. எனக்குச் சீட்டு கிடையாது என்று சொல்லிவிட்டாள். இன்னும் இருபத்திரண்டு நாள் இந்த வீட்டில்தான் இருக்க வேண்டும். பிள்ளைகள் என்னோடு பேசக் கூடாதாம். சின்னது மட்டும் திரைக்குப் பின்னால் நின்று என் சேலையைப் பிடித்து இழுக்கிறது. மாதம் முடிந்தபின் ஆஸ்பத்திரி வாசலில் வெறுங்கையோடு போய் நிற்கப் போகிறேன். உள்ளே விடுவார்களா? பயமாகத்தான் இருக்கிறது அம்மா.

ஒன்று மட்டும் உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். இங்கிலீஷ் சீட்டு வைத்திருக்கிற எந்தப் பெண்ணும் ஞாயிறு ஆராதனை முடிந்து கோயில் வாசலில் என்னிடம் வரலாம். எல்லா வரியையும் வாசித்துச் சொல்வேன். முகம் வாடினாலும் சொல்வேன்.

உனக்கு மட்டும் பொய்யாக வாசித்த
உன் ஒரே மகள்,
எஸ்தர்